நாற்பதாம் பக்கத்தில் நின்ற புத்தகம்

கேள்வி: கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. பள்ளிக்கூட நாட்களில் ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் படித்துத் தள்ளியவள். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போயிற்று. சினிமா வந்த சூட்டில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் மூன்று மாதத்தில் முடித்தேன். அப்புறம் எதைத் தொட்டாலும் ஓடவில்லை. ‘கட்டாயம் படிக்க வேண்டிய 100 நாவல்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. அதைப் பார்த்து ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வாங்கினேன். நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறது. “க்ரைம் நாவல் படிச்ச மூளைக்கு இலக்கியம் ஏறாது” என்கிறார் என் கொழுந்தனார். துப்பறியும் கதை, சரித்திரம், பேய்க்கதை, குடும்பக் கதை, இலக்கியம் என்று எல்லா வகையிலும் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது? எட்டாவது படிக்கும் மகளுக்கும் ஏதாவது சொல்லுங்கள். பரணில் அறுபது எழுபது பழைய மாத நாவல்கள் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கொழுந்தனார் சொன்னதை முதலில் ஒதுக்கி வைப்போம். முப்பது வருடத்துக்கு மேல் கிளை நூலகங்களில் புத்தகம் கொடுத்து வாங்கிய கை இது. தடிதடியான இலக்கிய நாவல்களை எடுத்துப் போனவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் என்னிடம் சங்கர்லாலோ கணேஷ் - வசந்தோ துப்பறியும் கதை கேட்டு வந்தவர்கள்தான். கதையே பிடிக்காதவர்தான் இலக்கியத்துக்கும் வருவதில்லை.

அடுத்தது அந்த நாற்பதாம் பக்கம். நூலகப் புத்தகம் ஒன்றை மூடி வைத்து, பக்கங்களின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். நன்றாக ஓடிய நாவலில் விரல் அழுக்கு முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராகப் படிந்திருக்கும். சில புத்தகங்களில் முதல் கொஞ்சப் பக்கம் மட்டும் கறுத்திருக்கும், மீதி அச்சகத்திலிருந்து வந்த வெள்ளையாகவே இருக்கும். நான் பார்த்த ‘ஜே.ஜே’ பிரதிகளில் பாதி இந்த இரண்டாவது ரகம். ஆகவே நீங்கள் தனியாக நிற்கவில்லை, அங்கே ஒரு கூட்டமே நிற்கிறது.

காரணமும் சொல்லிவிடலாம். சுந்தர ராமசாமி 1981-ல் வெளியிட்ட அந்த நாவலில், ஜே.ஜே. என்ற கற்பனையான மலையாள எழுத்தாளனைப் பற்றித் தமிழ் எழுத்தாளன் ஒருவன் குறிப்புகள் எழுதுகிறான். கதை என்று ஓடுவது குறைவு. இலக்கியம், அரசியல், எழுத்தாளர்களின் பாசாங்கு என்று முழுக்க ஒரு சண்டை. யார் மாமா, யார் சித்தப்பா என்றே தெரியாமல் ஒரு வீட்டுப் பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்தது போல இருந்திருக்கும் உங்களுக்கு. புத்தகத்தின் மேலும் குற்றமில்லை, உங்கள் மேலும் இல்லை. அலமாரியில் வைத்துவிடுங்கள். அதே எழுத்தாளரின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) ஒரு முச்சந்தி மரத்தையும் அதைச் சுற்றி வளர்ந்த ஊரையும் பற்றியது. தாமோதர ஆசான் என்று ஒரு கிழவர் வருவார், அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. சுந்தர ராமசாமி வீட்டுக்குள் நுழைய அதுதான் தலைவாசல்.

இந்தப் பட்டியல்களோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. தப்பு என்னுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். பக்கத்து லேத் பட்டறையில் வேலை பார்த்த பையன், நகக்கண்ணில் கிரீஸோடு வருவான். துப்பறியும் நாவல்தான் கேட்பான். ஒருநாள் எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். “எத்தனை நாளைக்குத்தான் இதையே படிப்ப? இதைப் படி” என்று கனமான நாவல் ஒன்றை அவன் கையில் திணித்தேன். சரியாகப் பதினான்காம் நாள் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். கார்டை வாங்கிக்கொண்டான். வேறு புத்தகம் எடுக்கவில்லை. அப்புறம் அவன் வரவே இல்லை. நூலகத் துறையின் தந்தை என்று நாங்கள் கொண்டாடும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே ஐந்து விதிகள் எழுதி வைத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். மேஜையில் உட்கார்ந்தபோது மறந்துபோனது.

சரி, எங்கே தொடங்குவது? வகையை வைத்துத் தேடினால் நீங்கள் திணறுவீர்கள். எங்கள் அலமாரியே அதற்கு உதவாது. உலகமெங்கும் புழங்கும் டூயி பகுப்பு முறையில் தமிழ்ப் புனைகதை மொத்தத்துக்கும் ஒரே எண்தான்: 894.8113. கொலையும் காதலும் பல்லவனும் பேயும் ஒரே ரயில் பெட்டியில் ஏறியதுபோல அந்த ஒரு எண்ணுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். முதுகைப் பார்த்து வகை சொல்ல முடியாது. அதனால், உங்களை ஏற்கெனவே இழுத்த புத்தகத்தில் எது இழுத்தது என்று பார்த்து, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த புத்தகத்துக்குப் போவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

‘பொன்னியின் செல்வ’னில் உங்களை இழுத்தது எது? ராஜாக்கள் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் ஒருவன் குதிரையில் வருகிறான். வேடிக்கை பார்க்கிறான், வம்பில் மாட்டுகிறான், அன்று ராத்திரி கடம்பூர் மாளிகையில் கேட்கக் கூடாத பேச்சை ஒளிந்திருந்து கேட்கிறான். அரசியல் சதி வேலை செய்வது அப்புறம்தான். முதலில் உங்களை ஏற்றிக்கொண்டு போவது வந்தியத்தேவனின் வாயும் துடுக்கும். இன்னொன்றும் உண்டு. அது 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ பத்திரிகையில் மூன்றரை வருடம் தொடராக வந்த கதை. வாசகர் அடுத்த வாரம் கடைக்கு ஓடிவர வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு அத்தியாயத்தின் வாலிலும் ஒரு கொக்கி. நீங்கள் நூற்றுக்கணக்கான கொக்கிகளை மூன்றே மாதத்தில் விழுங்கியிருக்கிறீர்கள். கொக்கி இல்லாத நாவலை அதன் பிறகு எடுத்தால் எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கும். காரத்துக்குப் பழகிய நாக்கு கொஞ்ச நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும், பயப்படாதீர்கள்.

அந்த வாயாடிப் பயணி பிடித்திருந்தால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’க்குப் போங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால மலேயாவும் இந்தோனேசியாவும், நடுவில் மதுரைச் சீமையிலிருந்து போன பாண்டியன். சரித்திரம்தான் பிடித்தது என்றால் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ இருக்கிறது, சாண்டில்யனின் ‘கடல் புறா’ இருக்கிறது. சாண்டில்யனில் வர்ணனை வரும் இடங்களில் பக்கத்தைத் தள்ளலாம், ஊரே அப்படித்தான் படித்தது. ராஜா ராணி அலுத்த பிறகு பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரி, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாக வைத்து எழுதியது. அதில் சரித்திரம் கோட்டையை விட்டு இறங்கிக் கடைத்தெருவில் நடக்கும். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்துக்கு மேல். இப்போது வேண்டாம்.

இதையெல்லாம் விடப் பெரிய கயிறு ஒன்று உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வேடிக்கை. திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் கயத்தாறுக்கு முன்னாலேயே இடைசெவல் வரும். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். இருவரும் 1923-ல் பிறந்த சேக்காளிகள், இருவருக்கும் சாகித்ய அகாதெமி விருது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர்தான் பூமணி, அவருக்கு 2014-ல் ‘அஞ்ஞாடி’க்காக அதே விருது. உருளைக்குடிக்காரர் சோ. தர்மனுக்கு 2019-ல் ‘சூல்’ நாவலுக்காக. உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை நடுவில் வைத்து ஒரு சின்ன வட்டம் போட்டால் நாலு அகாதெமி விருது அதற்குள் அடங்கும். இதற்கு வாட்ஸ்அப் பட்டியல் எதற்கு?

க்ரைம் நாவல் படித்த கைக்கு முதலில் பூமணியின் ‘வெக்கை’ கொடுப்பேன். 1982-ல் வந்தது, ‘அசுரன்’ படத்துக்கு அடிப்படை. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். கையை மட்டும் எடுப்பதாகத்தான் அவன் நினைத்திருந்தான், ஆள் போய்விட்டான். அந்த ஓட்டத்தில்தான் நாவலே தொடங்குகிறது. கொன்றது யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்ட பிறகு மீதிப் பக்கங்களை எது நகர்த்துகிறது என்று பாருங்கள். அப்பனும் மகனும் காடு காடாக ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணி கிடைக்கும், எதைச் சுட்டுத் தின்னலாம், எந்தப் பாறையில் படுக்கலாம் என்பதுதான் பதற்றமே. அதில் வரும் செடியும் கொடியும் உங்களுக்குத் தெரிந்தவை. சென்னை வாசகர் அகராதி தேடும் இடத்தில் நீங்கள் தடையில்லாமல் ஓடுவீர்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறீர்கள் என்பதால் ஒரு சேதி: தீப்பெட்டி வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றி ‘கருவேலம்பூக்கள்’ என்ற படத்தை எடுத்ததும் இதே பூமணிதான்.

அடுத்தது கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. ஆரம்பத்திலேயே ஒரு கொலை இருக்கிறது. நகைக்காக ஒரு கர்ப்பிணியைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான் ஒரு கள்ளன். அமுங்கும்போதே அவள் அவன் கால் விரலைக் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் பல் விடவில்லை. அந்தப் பிடியை எந்தத் துப்பறியும் நாவலிலும் நான் படித்ததில்லை. அங்கிருந்து கதை, தெலுங்குச் சீமையிலிருந்து தப்பி வந்தவர்கள் கரிசலைத் திருத்திக் குடியேறிய பழங்கதைக்குள் போய்விடும். வேகமாகப் படிக்காதீர்கள். மகளை உட்காரவைத்து நாலு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். அது வாயால் சொன்ன கதை, காதுக்குத்தான் முதலில் பிடிக்கும்.

அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ சிறுகதையைத் தீபாவளி லீவில் ஒரு மத்தியானம் படியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. பிள்ளைகளோடு பிரியமாகப் பழகும் ஒருவர், சாரங்கன் என்ற பையனை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். மற்றவர்களுக்குக் கிடைத்தது போன்ற டைரியை அவனே கொண்டுவந்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். எத்தனையோ தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த லேத் பட்டறைப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

ரமணிசந்திரன் பக்கம் வருவோம். அந்த நாவல்களைக் கேலி பேசுபவர்கள் பெரும்பாலும் ஒன்றுகூடப் படித்ததில்லை. எங்கள் நூலகத்தில் அட்டை பிய்ந்து, பைண்டு பண்ணி, மறுபடியும் பிய்ந்த புத்தகங்கள் அவருடையவை. வீட்டுக்குள் நடக்கும் பேச்சு, சொல்லாமல் விட்ட சொல், கடைசியில் ஒரு சமாதானம் என்று அதில் உங்களுக்குப் பிடித்தது எதுவோ, அது ஜெயகாந்தனிடமும் உண்டு, சமாதானம் மட்டும் கிடைக்காது. இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை. மழையில் காரில் ஏறிய ஒரு கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். 1966-ல் விகடனில் வந்தபோது பெரிய சர்ச்சை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் அலறி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே எழுதிப் பார்த்ததுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு குடம் தண்ணீரில் ஒரு வாழ்க்கை எப்படித் திரும்புகிறது என்று தெரியும். அப்புறம் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’. ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, கோபத்தில் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள்.

ராஜம் கிருஷ்ணனையும் விடக் கூடாது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’, சிவகாசிப் பக்கத் தீப்பெட்டிப் பிள்ளைகளைப் பற்றி ‘கூட்டுக்குஞ்சுகள்’. நேரில் போய்ப் பார்த்து எழுதும் பழக்கம் அவருக்கு. இரண்டாவதைப் படிக்கும்போது நீங்கள் கணக்கு நோட்டில் எழுதும் பெயர்கள் முகத்தோடு வந்து நிற்கும்.

பேய்க்கதைக்கு ஒரே சிபாரிசு, புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. வீட்டு வேலைக்கு ஒருத்தியைச் சேர்க்கிறார்கள், ராத்திரியில் பிணம் எரியும் நாற்றம். தனியாக இருக்கும்போது வேண்டாம். அதன் பிறகு இந்திரா சௌந்தர்ராஜன் எத்தனை வேண்டுமானாலும் படிக்கலாம். துப்பறியும் கதைக்கு, பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டும் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. நூலகப் பிரதியில் முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடுங்கள். கொலையாளியின் பெயரைப் பென்சிலில் எழுதி வைக்கும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. வேற்றுமொழி நாவலுக்குத் தகழியின் ‘செம்மீன்’. தமிழில் மொழிபெயர்த்தது யார் தெரியுமா? உங்களை நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திய அதே சுந்தர ராமசாமிதான்.

காசு விஷயம். எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்தும் தாளைப் பாருங்கள், அது ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதிய விமர்சனம். முத்திரை நிறைந்து இரண்டாவது தாள் ஒட்டியிருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கல்கி, புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் எழுத்துகள் அரசுடைமை ஆனவை. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றின் தளங்களில் அப்படிப்பட்ட பழைய நூல்கள் நிறைய இலவசமாகக் கிடைக்கும். அரசுடைமை நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் மலிவுப் பதிப்பும் வரும், பிழை மலிந்த பதிப்பும் வரும், சுருக்கிய பதிப்பும் வரும். வாங்கும் முன் ‘சுருக்கம்’ என்று பொடி எழுத்தில் எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது பக்கம் வரை பொறுத்துப் பார்த்தும் ஓடவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூலகத்துக்கு இருக்கும் பெரிய சௌகரியமே அதுதான், காசு போச்சே என்ற வருத்தத்தோடு யாரும் படிக்க வேண்டாம்.

மகளுக்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிதான் அதில் கதாநாயகன். எதிர்கால இந்தியா என்று அவர் வைத்துக்கொண்ட வருடம் 2021. நமக்கு அது கடந்துபோன வருடம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவளையே ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். படம் இருந்தால்தான் படிப்பேன் என்றால், 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் பக்கத்துச் சிவகாசிச் சரக்கு.

கடைசியாகப் பரண். எடைக்குப் போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். போர்டு எழுதும் ஓவியராக இருந்தவர். மற்றவர்கள் குப்பை என்று கழித்த பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பில் பிறந்தது. உங்கள் அறுபது எழுபது நாவல்களையும் இறக்கி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் காற்றாட வையுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தையுங்கள். கிழிந்த அட்டைக்கு மைதாப் பசை வேண்டாம், பூச்சி வரும். மகள் கைக்கு எட்டும் தட்டில் அடுக்குங்கள். கடைசிப் பக்கம் இல்லாத க்ரைம் நாவல் ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடைக்குப் போடலாம். இல்லாவிட்டால் அதை உங்கள் கொழுந்தனாருக்குக் கொடுங்கள்.